கதவைத் திறந்தவர் யார்? தப்பிவந்த விமானிகளின் அறிக்கைகளைப் படிக்கும் முறை

என் மேசையில் ஒரு இருநூறு பக்க நோட்டு இருக்கிறது. இரண்டாம் உலகப்போரில் ஐரோப்பாவின் மேல் சுட்டு வீழ்த்தப்பட்டு, ஜெர்மானியர் கையில் சிக்காமல் இங்கிலாந்து திரும்பிய விமானப்படை வீரர்களின் பெயர்களை இடது பக்கத்தில் எழுதுகிறேன். அவர்களுக்குக் கதவைத் திறந்துவிட்டவர்களின் பெயர்கள் வலது பக்கத்தில். இடது பக்கம் ஏறக்குறைய நிரம்பிவிட்டது. வலது பக்கம் பாதிக்கு மேல் காலி. அந்தக் காலி இடத்தை எப்படி நிரப்புவது என்று இத்தனை வருடத்தில் நான் கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன். வீட்டிலிருந்தே, ஒரு கணினியையும் வரைபடத்தையும் வைத்துக்கொண்டு நீங்களும் இதைச் செய்யலாம்.

நான் மதுரைப் பக்கம் ஒரு அரசுப் பள்ளியில் 31 வருடம் பூகோளம் சொல்லிக்கொடுத்தவள். ஓய்வுபெற்ற பிறகு பிரான்ஸில் போர்தோ நகரத்தில் இருக்கும் மகளிடம் சில மாதம் தங்கப் போனேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் என்னைத் தெற்கே, ஸ்பெயின் எல்லையை ஒட்டிய உருன்யா என்ற பாஸ்க் கிராமத்துக்குக் கூட்டிப்போனாள். கிராமத்தைத் தாண்டி மேட்டுப்பாதையில் பிதேகாயின் பெரி என்ற பண்ணை வீடு. அங்கே ஒரு நினைவுப் பலகை. மகள் அதை எனக்குத் தமிழில் படித்துச் சொன்னாள்.

அந்த வீட்டுக்காரியின் பெயர் பிரான்ச்சியா உசாந்திசாகா. கணவனை இழந்தவர், மூன்று பிள்ளைகளின் தாய். பிரஸ்ஸல்ஸிலிருந்து பாரிஸ் வழியாக வந்த விமானிகள், பிரான்ஸுக்கும் ஸ்பெயினுக்கும் இடையே நிற்கும் பிரெனே (பிரனீஸ்) மலையைக் கடக்கும் முன் கடைசியாகத் தங்கிய வீடு அவருடையது. 1943 ஜனவரி 15 அன்று அந்த வீட்டுக்குள் ஜெர்மானியர் நுழைந்தார்கள். பிரான்ச்சியாவும், அங்கே காத்திருந்த மூன்று விமானப்படையினரும், அவர்களைக் கூட்டிவந்த ஆந்த்ரே த யோங் என்ற 26 வயதுப் பெண்ணும் பிடிபட்டார்கள். பிரான்ச்சியா 1945 ஏப்ரலில் ராவன்ஸ்புருக் வதைமுகாமில் இறந்தார். போர் முடிய ஒரு மாதம்கூட இல்லை.

ஊர் திரும்பியதும் அந்தப் பாதையில் போனவர்களின் அறிக்கைகளைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். அவற்றில் அந்த வீட்டுக்குக் கிடைத்த இடம் பெரும்பாலும் ஒரே ஒரு வரி. "எல்லைக்கு அருகே ஒரு பண்ணை" என்ற அளவுக்குத்தான் இருக்கும். பெயர் கிடையாது.

படிக்கத் தொடங்கும் முன் ஒரு விஷயத்தை மனதில் பதித்துக்கொள்ளுங்கள். 1941 செப்டம்பர் 22 அன்று பிரான்ஸில் இருந்த ஜெர்மன் ராணுவத் தலைமை ஒரு சுவரொட்டி ஒட்டியது. எதிரி விமானிகளுக்கு உதவும் ஆண்கள் சுடப்படுவார்கள், பெண்கள் ஜெர்மனியில் உள்ள வதைமுகாம்களுக்கு அனுப்பப்படுவார்கள், காட்டிக்கொடுப்பவருக்குப் 10,000 பிராங்க் வரை சன்மானம் என்று அதில் இருந்தது. விமானி பிடிபட்டால் அவர் போர்க்கைதி. முகாமில் அடைப்பார்கள், செஞ்சிலுவைச் சங்கப் பொட்டலம் வரும். அவருக்கு ஒரு தட்டு சூப் கொடுத்த பெண் பிடிபட்டால் அவளுக்கு எந்தச் சட்டமும் துணை இல்லை. ஒவ்வொரு அறிக்கையையும் நான் இந்த நினைப்போடுதான் திறக்கிறேன்.

எந்தக் கோப்பில் தேடுவது

தேடும் ஆள் பிடிபடாமல் தப்பியவரா, பிடிபட்ட பிறகு முகாமிலிருந்தோ ரயிலிலிருந்தோ தப்பியவரா என்று முதலில் பாருங்கள். தமிழில் இரண்டையும் "தப்பியவர்" என்றே சொல்லிவிடுவோம். ஆனால் அன்றைய ஆவணங்களில் இவர்கள் இரண்டு தனி வகை. ஆங்கிலத்தில் முதல் வகையை 'இவேடர்' என்றும் இரண்டாவதை 'எஸ்கேப்பர்' என்றும் எழுதினார்கள். தேடும்போது இந்த இரண்டு சொல்லையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள்.

அடுத்தது, எந்த நாட்டு விமானம் என்பது. அமெரிக்க விமானிகளின் அறிக்கைகள் அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தில் 1 முதல் 2953 வரை எண்ணிடப்பட்டு, இணையத்தில் இலவசமாகவே இருக்கின்றன. காப்பகத்தின் தேடல் பெட்டியில் 'ஈ அண்ட் ஈ' (E&E, மேலே சொன்ன எஸ்கேப், இவேஷன் இரண்டின் முதலெழுத்து) என்பதையும் விமானியின் குடும்பப் பெயரையும் ஆங்கிலத்தில் தட்டினால் போதும். பிரிட்டிஷ் ஆட்களின் அறிக்கைகள் லண்டனில் கியூ பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் 'டபிள்யூஓ 208' என்ற வரிசையில் உள்ளன. நேரில் போய்ப் பார்க்கலாம், அல்லது பணம் கட்டி நகல் வாங்கலாம். பணம் கட்டும் முன் அறிக்கை எண்ணை இரண்டு முறை சரிபாருங்கள். ஒருமுறை ஒரு எண்ணை மாற்றி எழுதிவிட்டு, சம்பந்தமே இல்லாத ஒருவரின் கதைக்கு நான் பணம் கட்டியிருக்கிறேன்.

புதிதாகத் தொடங்குபவர்கள் அமெரிக்க அறிக்கைகளையே எடுங்கள். செலவில்லை. அதைவிட முக்கியம், தட்டச்சு செய்த பக்கங்களோடு பலவற்றில் விமானி தன் கையாலேயே எழுதிக்கொடுத்த தாள்களும் இருக்கும். எனக்கு வேண்டிய பெயர்கள் பெரும்பாலும் கிடைத்தது அந்தக் கையெழுத்துத் தாள்களில்தான்.

விமானம் விழுந்த நாளும் இடமும் தெரியாவிட்டால் அதைத் தெரிந்துகொண்டு வாருங்கள். அமெரிக்கர்களுக்கு, காணாமல் போன விமானக் குழுக்களைப் பற்றி 1943 முதல் எழுதப்பட்ட தனி அறிக்கைகள் உண்டு. பிரிட்டிஷ் விமானங்களுக்குப் படைப்பிரிவுகளின் தினப் பதிவேடுகள் கியூவில் 'ஏஐஆர் 27' என்ற வரிசையில் இருக்கின்றன. ஒரே விமானத்திலிருந்து குதித்தவர்கள் பல கிலோமீட்டர் தள்ளித் தள்ளி இறங்குவார்கள். ஒருவர் ஒரு வைக்கோற்போரில், இன்னொருவர் ஜெர்மன் காவல் முகாமுக்குப் பக்கத்தில். ஆகவே ஒருவரின் அறிக்கையோடு நிறுத்தாமல் மொத்தக் குழுவின் பட்டியலையும் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் மறந்த பெயரை இன்னொருவர் எழுதியிருப்பார்.

நம் ஊர்க்காரர்கள் கேட்பார்கள், இதில் இந்தியர்கள் உண்டா என்று. உண்டு, அதுவும் பெரிய எண்ணிக்கையில். கிழக்கு பிரான்ஸில் எபினால் நகரத்தில் இந்தியப் போர்க்கைதிகளை அடைத்த முகாம் ஒன்று இருந்தது. 1944 மே 11 அன்று அமெரிக்க விமானங்கள் அந்த நகரத்தின்மீது குண்டு போட்டபோது முகாமின் சுவர் உடைந்தது. கைதிகள் கூட்டம் கூட்டமாக வெளியேறினார்கள். சுமார் 500 பேர் 100 கிலோமீட்டர் போல நடந்து ஸ்விட்சர்லாந்துக்குள் போய்ச் சேர்ந்தார்கள். பிரெஞ்சு மொழி தெரியாது, தோல் நிறமே காட்டிக்கொடுக்கும், இருந்தும் வழிநெடுகக் கிராமத்து ஜனங்கள் சோறு போட்டு, வழி சொல்லி அனுப்பினார்கள். அப்படி உதவிய கிராமங்களில் எத்தோபோன் ஒன்று. அதே ஆண்டு செப்டம்பர் 27 அன்று அந்தச் சின்னக் கிராமத்தின் ஆண்களில் 39 பேரைப் பக்கத்து ஊர் தேவாலயச் சுவரருகே நிறுத்தி ஜெர்மானியர் சுட்டுக் கொன்றார்கள். உள்ளூர் எதிர்ப்புப் படையினர் அந்தப் பகுதியில் நடத்திய தாக்குதல்களுக்குப் பழிவாங்கல் அது. எபினால்காரர்கள் இரண்டாவது வகை, பிடிபட்டுத் தப்பியவர்கள். குடும்பத்தில் யாராவது வட ஆப்பிரிக்காவில் பிடிபட்டு "பிரான்ஸ் முகாமில் இருந்தார்" என்று பேச்சு இருந்தால் அந்த வழியில் தேடுங்கள்.

மூன்று முறை படியுங்கள்

தப்பிவந்தவர்களை லண்டனில் மேரில்போன் ரயில் நிலையத்துக்கு எதிரே இருந்த ஒரு பெரிய ஹோட்டலில் தங்கவைத்து விசாரித்தார்கள். விசாரித்தது எம்ஐ9 என்ற பிரிட்டிஷ் ரகசியப் பிரிவு. 1939 டிசம்பரில் இதற்கென்றே தொடங்கப்பட்டது. அமெரிக்கர்களின் பிரிவும் அவர்களோடு சேர்ந்து வேலை செய்தது. விசாரித்தவர்களுக்கு அவசரம்: எந்த வழி இன்னும் திறந்திருக்கிறது, எது மூடிவிட்டது, கொடுத்தனுப்பிய பொருட்களில் எது பயன்பட்டது. அறிக்கை பல மேசைகளுக்குப் போகும் என்பதால் உதவியவர்களின் பெயர்களை அதில் எழுதாமல் தனித் தாளில் எழுதி வேறாக வைத்தார்கள். அந்தத் தாள் வெளியே போனால் ஒரு கிராமமே அழியும். ஆகவே முதல் பக்கத்தில் பெயர் இல்லை என்று மனம் தளராதீர்கள். இணைப்புத் தாள்கள் ஒவ்வொன்றையும் கடைசிவரை புரட்டுங்கள். பின்பக்கத்தில் பென்சிலில் எழுதியதைக்கூட விடாதீர்கள்.

முதல் வாசிப்பு சும்மா கதையாக. பேனாவைத் தொடாதீர்கள்.

இரண்டாவது வாசிப்பு வரைபடத்தோடு. பிரான்ஸின் ஐஜிஎன் நிறுவனம் போடும் 1:25,000 வரைபடம் எனக்குப் பிடிக்கும். அதில் பண்ணை வீடுகளின் பெயர்கூட இருக்கும். பாஸ்க் நாட்டில் வீட்டுக்குத்தான் முதலில் பெயர், அப்புறம்தான் குடும்பத்துக்கு, அதனால் இது பெரிய உதவி. விமானிகள் ஊர்ப் பெயர்களைக் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார்கள். சான் ஜான் த லூஸ் என்ற ஊர் ஐந்தாறு விதமாக எழுதப்பட்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். எழுத்தைப் பார்க்காமல் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். நம் காதுக்கு இது சுலபம். ட்ரிப்ளிகேன் என்று எழுதியிருந்தால் திருவல்லிக்கேணி என்று புரிந்துகொள்கிறவர்கள்தானே நாம்.

தூரத்தை அவர்கள் மணிக்கணக்கில் சொல்வார்கள். "இருட்டில் ஐந்து மணி நேரம் நடந்தோம்" என்றால் பகலில் நடக்கும் தூரத்தை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். நேரத்திலும் கவனம் வேண்டும். ஆக்கிரமிக்கப்பட்ட பிரான்ஸில் கடிகாரம் பெர்லின் நேரத்தைத்தான் காட்டியது. சூரியன் மறையும் நேரமும் ஊரடங்கு நேரமும் நாம் நினைப்பதிலிருந்து நகர்ந்து நிற்கும். அந்த நாளின் நிலாவையும் பாருங்கள். கைபேசியில் 1943ஆம் வருட நிலாவைக் காட்டும் செயலிகள் இருக்கின்றன. நிலா இல்லாத இரவில் ஆற்றைக் கடந்தவருக்கு எதிர்க்கரை எப்படித் தெரிந்திருக்கும் என்று யோசித்தால், "எனக்கு முன்னால் போனவரின் சட்டையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன்" என்பது போன்ற வரிகளின் பொருள் பிடிபடும்.

மூன்றாவது வாசிப்புதான் இந்த வேலையின் உயிர். இப்போது விமானியை விட்டுவிடுங்கள். அவருக்குக் கிடைத்த ஒவ்வொரு பொருளையும் தனித்தனியாக எழுதுங்கள்: ஒரு கோட்டு, ஒரு தொப்பி, இரண்டு முட்டை, ஒரு ரயில் சீட்டு, ஒரு அடையாள அட்டை, ஒரு இரவுப் படுக்கை. ஒவ்வொன்றுக்கும் எதிரே "கொடுத்தது யார்?" என்று கேளுங்கள். உணவுக்குப் பங்கீட்டு அட்டை இருந்த காலம் அது. மூன்று நாள் ஒரு ஆறடி இளைஞனுக்குச் சாப்பாடு போட்ட வீட்டில் யாரோ மூன்று நாள் அரைவயிறு சாப்பிட்டிருக்கிறார்கள். கோட்டு யாருடையது? புருஷனுடையதா, ஜெர்மனியில் கைதியாக இருக்கும் மகனுடையதா? அடையாள அட்டையில் முத்திரை குத்தியது எந்த ஊராட்சி அலுவலகத்து எழுத்தர்? புகைப்படத்தை எடுத்தது யார்? இப்படிக் கேட்டுக்கொண்டே போனால் ஒரு விமானிக்குப் பின்னால் இருபது முப்பது பேர் எழுந்து வருவார்கள்.

புகைப்படம் என்றதும் ஒன்று சொல்லவேண்டும். பின்னாளில் விமானிகள் கிளம்பும்போதே சாதாரண உடையில் எடுத்த சிறிய படங்களைச் சட்டைப்பையில் எடுத்துப்போனார்கள், போலி அட்டைக்கு உதவும் என்று. ஒரே தளத்தில் ஒரே கோட்டை மாற்றி மாற்றிப் போட்டு எல்லாருக்கும் படம் எடுத்ததால், கோட்டைப் பார்த்தே எந்தத் தளம் என்று ஜெர்மானியர் கண்டுபிடித்ததாகச் சொல்வார்கள். கோப்பில் படம் ஒட்டியிருந்தால் முகத்தோடு உடையையும் பாருங்கள். வெளியூர்க் கோட்டா, உள்ளூர்க்காரர் கொடுத்த கோட்டா என்று தெரிந்தால், படம் எங்கே எடுக்கப்பட்டது என்பதற்கு ஒரு துப்பு.

எந்தப் பாதை என்று கண்டுபிடிப்பது

இங்கே பாதை என்றால் வெறும் வழி இல்லை, விமானிகளைக் கைமாற்றிக் கைமாற்றி நாட்டைவிட்டு வெளியே அனுப்பிய ரகசியக் குழு. ஆள் எங்கே நாட்டைவிட்டு வெளியேறினார் என்று பாருங்கள். பிரான்ஸின் வடமேற்கே பிரித்தானி கரையில் ப்ளூவா ஊரின் கடற்கரையிலிருந்து இரவில் பிரிட்டிஷ் பீரங்கிப் படகில் ஏறினார் என்றால் அது 1944இல் இயங்கிய ஷெல்பர்ன் பாதை. மார்சேய், பெர்ப்பின்யான் பக்கம் போயிருந்தால், அதுவும் 1941, 42 என்றால், பெரும்பாலும் பாட் ஓலியரி பாதை. அதை நடத்திய 'பாட்' ஆல்பெர் கெரிஸ் என்ற பெல்ஜிய மருத்துவர். சான் ஜிரோன் ஊரிலிருந்து உயரமான பனிமலையைக் கடந்தவர்களும் உண்டு. ஹாலந்தில் விழுந்தவரை டச்-பாரிஸ் பாதை கொண்டுவந்திருக்கலாம். பாயோன், சான் ஜான் த லூஸ், எல்லையில் ஓடும் பிதாசோவா ஆறு, சான் செபாஸ்தியான் என்று வரிசையாக வந்தால் அது கொமெட் பாதை. நான் அதிகம் படித்தது இதைத்தான், ஆகவே இதிலேயே கொஞ்சம் நிற்கிறேன்.

கொமெட்டைத் தொடங்கியவர்தான் பிதேகாயின் பெரியில் பிடிபட்ட ஆந்த்ரே த யோங். எல்லாரும் தெதே என்று கூப்பிட்டார்கள். பிரஸ்ஸல்ஸ் நகரத்துப் பள்ளி ஆசிரியர் ஒருவரின் மகள், விளம்பர ஓவியர். 1941 ஆகஸ்டில் ஒரு ஸ்காட்லாந்து வீரரையும் இரண்டு பெல்ஜியர்களையும் கூட்டிக்கொண்டு ஸ்பெயினில் பில்பாவோவில் இருந்த பிரிட்டிஷ் துணைத் தூதரகத்துக்குள் போய் நின்றார். இந்தச் சின்னப் பெண் பிரஸ்ஸல்ஸிலிருந்து மலையைக் கடந்து வந்தாள் என்பதை அவர்கள் லேசில் நம்பவில்லை. பணம் மட்டும் கொடுங்கள், பாதையை நடத்துவது நாங்களே என்றார். பிடிபடும்வரை அவர் நேரில் கூட்டிவந்தவர்கள் 118 பேர். அவர் பிடிபட்ட பிறகும் பாதை நிற்கவில்லை. மொத்தம் 288 பேர் கொமெட் வழியாக மலையைக் கடந்தார்கள்.

அறிக்கைகளில் இவர்களின் உண்மைப் பெயர்கள் வராது, கூப்பிட்ட பெயர்களே வரும். அதனால் ஒரு பெயர்ப் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். "ஆந்த் கோ" என்று வந்தால் அது எல்வீர் த கிரீஃப். ஆந்த் என்றால் அத்தை, சித்தி, பெரியம்மா எல்லாம்தான்; நான் என் நோட்டில் "கோ அத்தை" என்று எழுதுகிறேன். பாயோனுக்குப் பக்கத்தில் ஆங்லே ஊரில் அவர் வீடு. புருஷன் ஜெர்மன் ராணுவ அலுவலகத்தில் மொழிபெயர்ப்பாளர், அங்கிருந்தே வெற்றுத் தாள்களும் முத்திரையும் வந்தன. மகள் ழானின் பாரிஸ் வரை போய் விமானிகளை ரயிலில் கூட்டிவருவாள். குடும்பம் முழுக்க இதில். ஒருவர்கூடச் சிறைமுகாமுக்குப் போகாமல் போரைக் கடந்தார்கள். "நதீன்" என்று வந்தால் ஆந்த்ரே துமோன், கொமெட்டில் வேலைசெய்த இன்னொரு இளம்பெண். "பால்" என்று வந்தால் தெதேயின் அப்பா பிரெதெரிக். காட்டிக்கொடுக்கப்பட்டு, 1944 மார்ச் 28 அன்று பாரிஸில் சுடப்பட்டார். "பிளாரெந்தினோ" என்று வந்தால் அது புனைபெயர் இல்லை, உண்மைப் பெயர்: பிளாரெந்தினோ கோயிகோயெச்சியா, எர்னானி ஊர்க்காரர், மலைக் கள்ளக்கடத்தல்காரர், கொமெட்டின் மலை வழிகாட்டி. இங்கிலீஷ் தெரியாது, பிரெஞ்சும் அரைகுறை. ஆனால் இருட்டில் ஒவ்வொரு கல்லும் தெரியும்.

ஆற்றில் வெள்ளம் என்றால் பிதாசோவாவைக் கடக்க முடியாது. அப்போது தெற்கே இருந்த பாலத்துக்குச் சுற்றிப் போகவேண்டும், பல மணி நேரம் கூடுதல் நடை. தெதே பிடிபட்ட அந்தத் தடவை அவர்கள் பிரான்ச்சியா வீட்டில் தங்கியதற்கே மழைதான் காரணம். அதே ஆற்றில் 1943 டிசம்பர் 23 இரவு கொமெட்டின் பெல்ஜியத் தலைவர் ஆந்துவான் துர்செலும், ஜேம்ஸ் பர்ச் என்ற அமெரிக்க விமானியும் மூழ்கிப்போனார்கள். ஆகவே அறிக்கையில் "மழையால் ஒரு நாள் காத்திருந்தோம்" என்று வந்தால் அந்த வரியைக் கோடிட்டுக்கொள்ளுங்கள். அந்த ஒரு நாள் எந்த வீட்டில்? கூடுதலாக ஒரு நாள் ஆபத்தைச் சுமந்தது யார்?

உதவியவரின் பக்கத்திலிருந்து

பெயரின் ஒரு துண்டு கிடைத்தாலும் அடுத்து உதவியோர் கோப்புகளுக்குப் போகலாம். போர் முடிந்ததும் பாரிஸிலும் பிரஸ்ஸல்ஸிலும் பிரிட்டிஷ், அமெரிக்க அலுவலகங்கள் திறந்து, உதவிய ஒவ்வொருவரையும் தேடிப் பதிவு செய்தார்கள். அமெரிக்கர்களுக்கு உதவிய பிரெஞ்சுக் குடும்பங்களின் கோப்புகள் அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தில் ஊர் பெயரோடு இருக்கின்றன. ஐசன்ஹோவர் கையெழுத்திட்ட நன்றிச் சான்றிதழ் அமெரிக்கர்களிடமிருந்தும், அவருடைய பிரிட்டிஷ் துணைத் தளபதி டெடர் கையெழுத்திட்டது பிரிட்டிஷாரிடமிருந்தும் போனது. பல வீடுகளில் அவை இன்னும் சட்டம் போட்டு மாட்டியிருக்கின்றன.

அந்தக் கோப்புகளில் உதவியவர் தன் கையால் எழுதிய கடிதங்கள் இருக்கும். நான் பிரெஞ்சு படித்தது அறுபது வயதுக்கு மேல், இந்தக் கடிதங்களுக்காகத்தான். முதலில் மகளிடம் கைபேசியில் படம் எடுத்து அனுப்பிக்கொண்டிருந்தேன், பிறகு அகராதியோடு நானே உட்கார்ந்தேன். மொழிபெயர்ப்புச் செயலி தட்டச்சு எழுத்துக்கு உதவும். கையெழுத்துக்குப் பொறுமைதான் வேண்டும். விமானி நாலு வரியில் எழுதிய இரவை அந்த வீட்டுக்காரி இரண்டு பக்கம் எழுதியிருப்பாள்: எந்த மாட்டுத் தொழுவம், பக்கத்து வீட்டில் யார், ரோந்து எத்தனை மணிக்கு. இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் படியுங்கள். நாள் ஒன்றிரண்டு தவறலாம். பரவாயில்லை, நடந்த வரிசை ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

ஒன்றில் மட்டும் மிகவும் எச்சரிக்கையாக இருங்கள். துரோகி யார் என்ற முடிவுக்கு ஒரு அறிக்கையை வைத்து வராதீர்கள். துரோகம் நடந்தது, மறைக்கவேண்டியதில்லை. 1942 நவம்பரில் அமெரிக்க விமானிகள் போல நடித்து இரண்டு ஜெர்மானிய ஆட்கள் பிரஸ்ஸல்ஸில் கொமெட்டுக்கு உதவிய மாரேஷால் குடும்பத்தின் வீட்டுக்குள் நுழைந்தார்கள். சுமார் நூறு பேர் கைதானார்கள். பாரிஸில் தெதேயின் அப்பாவைக் காட்டிக்கொடுத்தவன் ழாக் தெசூப்ரி, 'மாசோன்' என்ற பெயரில் கூடவே இருந்தவன். பிறகு வேறு பெயரில் திரும்பவும் வந்து சேர்ந்தான். நதீனின் அக்கா மிஷ்லீன், பாரிஸ் அருகே பிரேன் சிறைச்சாலைக்கு வெளியே நின்று, உள்ளே அடைபட்டிருந்த தோழியைக் கத்திக் கேட்டு, அவன்தான் என்று தெரிந்துகொண்டாள். இதெல்லாம் நீதிமன்றத்தில் முடிவானது, அவனுக்கு 1949இல் மரண தண்டனை நிறைவேறியது. ஆனால் கிராமத்தில் யாரோ யாரையோ சந்தேகப்பட்டுச் சொன்ன வாய்வார்த்தைகளும் கோப்புகளில் இருக்கும். அந்தக் குடும்பங்கள் இன்றும் அதே தெருவில் இருக்கிறார்கள். அவற்றை நான் நோட்டில் ஏற்றுவதில்லை.

குடும்பத்தாருக்கு எழுதுவதாக இருந்தால் அந்த ஊர் ஊராட்சி அலுவலகம் வழியாக எழுதுங்கள். இரண்டு பத்தி போதும்: நான் யார், என்ன படித்தேன், உங்கள் பாட்டியின் பெயரை எழுத அனுமதி உண்டா. பதில் வர ஆறு மாதம் ஆகலாம். வராமலும் போகலாம். இரண்டாவது முறை தொந்தரவு செய்யாதீர்கள்.

அந்த இடத்துக்குப் போக முடிந்தால்

போர்தோவிலிருந்து சான் ஜான் த லூஸுக்கு நேரே ரயில் இருக்கிறது. ஒவ்வொரு செப்டம்பரிலும் கொமெட் நினைவு நடை நடக்கிறது. உதவியவர்களின், தப்பியவர்களின் பேரப்பிள்ளைகள் சேர்ந்து மலையைக் கடக்கிறார்கள். முழங்கால் வலிக்காரியான நான் முழுப் பாதையும் நடக்கவில்லை. உருன்யாவிலிருந்து பண்ணை வீடு வரைக்கும், அதற்கு மேல் ஒரு மணி நேரமும்தான். அதுவே போதுமானதாக இருந்தது. ஈரமான களிமண், முள் புதர், வழுக்கும் சரிவு. இதில் கயிற்றடிச் செருப்பு போட்டுக்கொண்டு, விளக்கு இல்லாமல், பேசாமல், இரவெல்லாம் நடந்திருக்கிறார்கள். முடிந்தவரை அறிக்கையில் சொன்ன அதே மாதத்தில் போங்கள். ஜூலையில் போனால் ஜனவரியைப் புரிந்துகொள்ள முடியாது.

ஆற்றில் இறங்காதீர்கள். மேலிருந்து பார்க்கையில் குறுகலாக, அமைதியாகத் தெரியும். 2021 முதல் அதே பிதாசோவாவில், ஆப்பிரிக்காவிலிருந்து வந்து பிரான்ஸுக்குள் போக முயன்ற இளைஞர்கள் பலர் மூழ்கி இறந்திருக்கிறார்கள். கரையில் நின்றபோது எனக்கு 1943ஐவிட அவர்கள் நினைவுதான் அதிகம் வந்தது.

கீழே இறங்கும்போது சிபூர் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் பிளாரெந்தினோவின் கல்லறைக்குப் போகலாம். 1944 ஜூலையில் ஜெர்மன் ரோந்துப்படை சுட்டு, காலொடிந்து பாயோன் மருத்துவமனையில் காவலில் கிடந்தவரைக் கோ அத்தை ஆள் அனுப்பி ஜெர்மன் போலீஸ் வேடத்தில் தூக்கிவந்தார். பிளாரெந்தினோ 1980 வரை வாழ்ந்தார். தெதேயும் முகாமிலிருந்து உயிரோடு திரும்பினார். பிறகு காங்கோவிலும் எத்தியோப்பியாவிலும் தொழுநோயாளிகளுக்குச் செவிலியாக வேலை செய்து, 2007இல் பிரஸ்ஸல்ஸில் இறந்தார்.

எழுதிவைப்பது

தேடியது கையிலேயே தங்கிவிடக் கூடாது, ஒரு பக்கமாவது எழுதிவிடுங்கள். விமானியின் பெயரில் தொடங்காதீர்கள். உதவியவர் பெயர், வீட்டின் பெயர், ஊர், வீட்டில் இருந்தவர்கள், கொடுத்தது என்ன, எத்தனை இரவு, அதற்குப் பின் அவருக்கு நடந்தது என்ன, இந்த வரிசையில் எழுதுங்கள். விமானி கடைசி வரியில் வரட்டும். பெயர் தெரியாவிட்டால் "பெயர் தெரியவில்லை" என்றே எழுதி, எந்த அறிக்கையின் எந்தப் பக்கம் என்று குறியுங்கள். அடுத்தவர் அங்கிருந்து தொடங்குவார்.

என் நோட்டில் வலது பக்கத்து முதல் பதிவை அப்படியே தருகிறேன், மாதிரிக்கு:

பிரான்ச்சியா உசாந்திசாகா. பிதேகாயின் பெரி, உருன்யா. மூன்று பிள்ளைகள். மலையேறும் முன் கடைசி வீடு. 1943 ஜனவரி 15, மழை, ஆற்றில் வெள்ளம், கைது. ராவன்ஸ்புருக், 1945 ஏப்ரல் 12. அவர் வீட்டில் தங்கிப்போனவர்கள்: இதுவரை நான் உறுதிசெய்தது 14 பேர், பட்டியல் அடுத்த பக்கத்தில்.